ராய்ஸின் மூக்காக இருந்த கோடை

மே 17, 2022, செவ்வாய்

கெட்டுப்போன ஹாம் பன்றியிறைச்சியை ரொட்டிக்குள் வைத்து, கடுகு விழுதைத் தாராளமாகத் தடவி, மதியச் சாப்பாடாகக் கொண்டுபோய்ச் சாப்பிட்டிருக்கிறான் ராய்ஸ். மாலையில் நான் ஃபிரிட்ஜைத் திறந்தபோது மிச்சப் பொட்டலம் குப்பென்று அடித்தது. கேட்டால், "நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறான். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் நான்கு முறை கழிப்பறைக்கு ஓடினான்.

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரித்தது தப்பாகப் போயிற்று.

ஜனவரிக் காய்ச்சலில் எங்கள் இருவருக்கும் வாசனை தெரியாமல் போனது. எனக்கு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. அவனுக்கு ஐந்தாவது மாதமாக ஒன்றுமில்லை. நாக்கில் கசப்பு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது, அவ்வளவுதான். வேறு யாருக்காவது போயிருந்தால் தொல்லை என்று சொல்லிவிட்டுப் பிழைத்துப் போகலாம். நான் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். எனக்குப் போயிருந்தால் லாபம் என்றே சொல்வேன். ராய்ஸ் இருபத்து நான்கு வருடமாக பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூக்களின் கிடங்கில், தேர்வு அறையில் வேலை பார்ப்பவன். மூட்டையிலிருந்து வெட்டியெடுத்த ஹாப்ஸை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, முகத்தைப் புதைத்து மோந்துவிட்டு, இது எந்தத் தோட்டம், இரண்டு நாள் தாமதமாகப் பறித்ததா, பூண்டு நெடி வருகிறதா என்று சொல்வான். எங்கெங்கிருந்தோ வரும் பீர் தயாரிப்பாளர்கள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

பிப்ரவரியிலிருந்து அவனை முற்றத்தில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். தற்காலிகமாம்.

மே 19

ஃபிரிட்ஜில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் தேதி எழுதி ஒட்டியிருக்கிறான். முட்டைமீது கூட.

மே 29, ஞாயிறு

கிரேஞ்ச் ஹால் பேல் ஏல் ஒரு பாட்டில் திறந்தான். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவனுக்கு அந்த பீர்தான். நம் பள்ளத்தாக்கில் விளைந்த கேஸ்கேட் ரக ஹாப்ஸை அள்ளிப் போட்டுச் செய்வது. எனக்கு பீர் பிடிக்காது. ஆனால் அந்த வாசனை பிடிக்கும் — கிரேப்ஃப்ரூட் தோலை நகத்தால் கீறினால் வருமே, அது. ஐந்து மாதமாக அவன் அதைத் தொடவில்லை. இன்று ஏதோ நம்பிக்கை.

ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். "சோடாவுல கசப்பு மாத்திரையக் கரைச்ச மாதிரி இருக்கு" என்றான்.

பத்து நிமிடம் கழித்து, "இத நானே காய்ச்சப்போறேன்" என்றான்.

"குடிச்சா தெரியாத பீர எதுக்குக் காய்ச்சற?"

"தலைக்குள்ள இருக்கு டெல். வாசனை மொத்தமும் தலைக்குள்ள அப்படியே இருக்கு. வெளிய வந்ததும் அதே மாதிரி இருக்கான்னு யாராவது சொன்னாப் போதும்."

யாராவது என்றால் நான்தான். ஆர்டனைக் கேளேன் என்றேன். ஆர்டன் அவனுடைய வீட்டு பீர் சங்கத்துக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், நாள் முழுக்க அதே வேலையாக இருப்பவர். ராய்ஸ் தலையை ஆட்டினான்.

"ஆர்டன் என் மனசு நோகக் கூடாதுன்னு நல்லாருக்கும்பார். நீ சொல்ல மாட்ட. எங்கம்மா செஞ்ச கேசரோல, அவ எதிர்லயே, டயர் மாதிரி இருக்குன்னு சொன்னவ நீ."

அது முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. அவன் அம்மா அதற்கப்புறம் இரண்டு கிறிஸ்துமஸ் என்னோடு பேசவில்லை. இப்போது அதற்குப் பதக்கம் கிடைத்திருக்கிறது.

ஜூன் 5, ஞாயிறு

கார் நிற்கும் கொட்டகை முழுக்க ஆவி. பெரிய பானையில் வெந்நீர், அதில் உடைத்த மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஒரு மணி நேரம் ஊறியது. வடிகட்டிய சாற்றைக் கேஸ் அடுப்பில் இன்னொரு மணி நேரம் கொதிக்க வைத்தான். கசப்புக்கு முதலில் கொஞ்சம் ஹாப்ஸ், வாசனைக்குக் கடைசியில் நிறைய. நான் அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூக்காக வேலை பார்த்தேன்.

"இப்ப என்ன?"

"ஓட்ஸ் கஞ்சி."

"இப்ப?"

"ரொட்டிக் கடை வாசல்."

"இப்ப, ஹாப்ஸ் போட்டப்புறம்?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குங்கறது வாசனை இல்ல டெல். என்ன மாதிரின்னு சொல்லு."

திட்டு வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மோந்தேன். வேலிக்குப் பக்கத்தில் பைன் மரத்தை வெட்டிய அன்று கையில் ஒட்டிய பிசின் என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு தாளில் எழுதிக்கொண்டான்.

சாற்றைக் குளிரவைத்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு மூடினோம். இனி அது நொதிக்க வேண்டும்.

ஜூன் 11

பீரோடு நிற்கவில்லை. மழை பெய்ததும், "தார் ரோடு எப்படி அடிக்குது?" என்று கேட்டான். காபி, சோப்பு, பக்கத்து வீட்டுப் புல் வெட்டும் இயந்திரம், ஒவ்வொன்றும் எப்படி என்று கேட்கிறான். நேற்று என் கழுத்துக்குப் பின்னால் மூக்கை வைத்து, "இங்க?" என்றான்.

"வியர்வை. பல் கிளினிக் கிராம்பு எண்ணெய். கொஞ்சம் ஷாம்பூ" என்றேன். ஒளிக்காமல்.

"ஷாம்பூ மாத்திட்டியா?"

"மார்ச்லயே மாத்திட்டேன்."

எத்தனையோ வருடமாக இரவுச் சாப்பாட்டில் நாங்கள் உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. இப்போது நாள் பூராவும் பேச்சு. அவனுக்கு ஒன்று போய் எனக்கு ஒன்று வந்திருக்கிறது. எழுதவே வெட்கமாயிருக்கிறது, ஆனால் நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜூலை 3, ஞாயிறு

முதல் ஈடு திறந்தோம். கடையில் வாங்கிய கிரேஞ்ச் ஹால் ஒரு கோப்பையில், அவனுடையது ஒரு கோப்பையில். இரண்டையும் மாற்றி மாற்றி மோந்தேன். அவன் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஈர அட்டைப்பெட்டி" என்றேன்.

"நிஜமாவா?"

"மழைல நனைஞ்ச பார்சல். சத்தியமா."

ஹோவென்று சிரித்தான். பாட்டிலில் நிரப்பும்போது சளசளவென்று ஊற்றிவிட்டானாம், காற்று புகுந்துவிட்டதாம், காற்று பட்டால் ஹாப்ஸ் வாசனை செத்து அட்டைப்பெட்டி ஆகிவிடுமாம். முப்பத்தெட்டு பாட்டிலையும் புல்தரையில் கவிழ்த்தான். எனக்கு ஒரு முத்தம். மட்டமான பீர் என்று சொன்னதற்கு முத்தம் வாங்கிய பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 31, ஞாயிறு

இரண்டாவது ஈடு. பச்சைப் புல் என்றேன். நொதித்து முடியும்போது வாசனைக்காக ஹாப்ஸைப் பச்சையாகப் போட்டு ஊறவைப்பார்கள். அதை அதிக நாள் விட்டுவிட்டான். ஆனால் புல்லுக்கு அடியில் கிரேப்ஃப்ரூட் இருந்தது. அதையும் சொன்னேன். கோப்பையை என்னிடமிருந்து வாங்கி அவனும் மோந்தான், எதுவும் தெரியாது என்று தெரிந்தே.

செப்டம்பர் பத்தாம் தேதி சங்கத்தின் போட்டி. அடுத்த ஈட்டை அதற்கு அனுப்பப்போகிறான். நடுவர்களில் இரண்டு பேர் அவனிடம் ஹாப்ஸ் வாங்கியவர்கள். "மூக்கு போனாலும் இவன் கை போகலன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றான். அறுவடை தொடங்குவதற்குள் தேர்வு அறைக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று இன்னும் நம்புகிறான்.

ஆகஸ்ட் 7

மூன்றாவது ஈடு காய்ச்சினோம். வெயில் நூற்று ஒன்று. இருவரும் வெந்துபோனோம்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

இதை இங்காவது உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

மதியம் அவனைக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இனி முற்றம்தான், நிரந்தரம். தேர்வு அறைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை, ரொம்ப மரியாதையாகப் பேசினார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, சட்டையைக் கூட மாற்றாமல் கொட்டகைக்குப் போய், ஜாடியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்தான். இன்றைக்குப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் ஜாடியைக் குளிர்பெட்டிக்குள் தள்ளுவதாகத் திட்டம்.

கோப்பையை என் மூக்கருகே நீட்டினான்.

மோந்தேன். கிரேப்ஃப்ரூட் இருந்தது. பைன் இருந்தது. மேலே, சினிமாக் கொட்டகை வாசலில் அடிக்குமே, வெண்ணெய் ஊற்றிய பாப்கார்ன், அந்த வாசனை. சந்தேகமே இல்லை. வெண்ணெய்.

"நாக்குல கொஞ்சம் வழவழன்னு இருக்கே டெல்" என்றான் அவன். "எண்ணெய் தடவினாப்ல. உனக்கு ஏதாவது வித்தியாசமா அடிக்குதா?"

அவன் கண்ணைப் பார்த்தேன். இன்றைக்கு இன்னொரு 'இல்லை'யை இந்த மனுஷன் தாங்குவானா?

"அது மால்ட்டா இருக்கும்" என்றேன். "கிரேப்ஃப்ரூட் தூக்கலா இருக்கு. அதேதான் ராய்ஸ். கிரேஞ்ச் ஹாலேதான்."

முகம் அப்படியே மலர்ந்தது. சமையலறை நடுவில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். கடிதத்துக்காக அழாதவன் இதற்கு அழுதான். ஜாடியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தான்.

ஒரு சின்னப் பொய். டயர் கேசரோலுக்கு ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் அவன் அம்மா இரண்டு கிறிஸ்துமஸும் என்னோடு பேசியிருப்பாள். எல்லாரும் சொல்வதுதானே?

ஆகஸ்ட் 20

அவன் கடைக்குப் போன நேரத்தில் அவனுடைய பீர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வெண்ணெய் வாசனைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஈஸ்ட் பாதி வேலையில் விட்டுவைப்பதாம் அது. ஜாடியைக் குளிரவைக்காமல் இன்னும் மூன்று நாள் வெதுவெதுப்பில் விட்டால் ஈஸ்டே அதைத் தின்று தீர்த்துவிடும். குளிரவைத்துவிட்டால் ஈஸ்ட் தூங்கிவிடும், வெண்ணெய் தங்கிவிடும்.

மூன்று நாள். வேறு மருந்தே வேண்டாம். சும்மா விட்டிருந்தால் போதும்.

சில சமயம் பாட்டிலில் இருக்கும்போது குறையும் என்றும் எழுதியிருக்கிறது. சில சமயம்.

ஆகஸ்ட் 21

பாட்டிலில் நிரப்பினோம். ஒரு சொட்டு சளசளக்காமல், குழாயை அடிவரை விட்டு, மருந்து கொடுப்பதுபோல் நிரப்பினான். நாற்பது பாட்டில். விசிலடித்துக்கொண்டே மூடி போட்டான். நான் துடைத்து அடுக்கினேன். வாயைத் திறக்க மூன்று முறை பார்த்தேன்.

ஆகஸ்ட் 30

அறுவடை தொடங்கிவிட்டது. சூளைகளில் ஹாப்ஸ் காய்கிறது. ஊரே அந்த வாசனையில் மிதக்கிறது. என்னை வேலைக்கு இறக்கிவிடும் வழியில் கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கினான்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எப்படி இருக்கு இந்த வருஷம்?"

போன வருடத்தைவிடக் கொஞ்சம் எலுமிச்சை தூக்கல் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே ஓட்டினான், கண்ணாடியை ஏற்றவில்லை.

செப்டம்பர் 4, ஞாயிறு

பாட்டிலைத் திறந்தோம். போகவில்லை. குறைந்திருக்கிறதா என்றால் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதான் பாட்டில்களைப் போட்டிக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் இருந்தது எனக்கு.

"சொல்லு" என்றான்.

தங்கை இவெட்டுக்குப் போன் போட்டுக் காலையிலேயே கேட்டிருந்தேன். அவள், "அக்கா, இப்ப சொன்னா உன்னைக் கொன்னுடுவான், அப்புறம் சொன்னா செத்துடுவான். எது வேணும்னு நீயே பாத்துக்கோ" என்றாள். உதவி செய்கிற லட்சணம்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "ஆர்டன்கிட்ட சொல்லிட்டேன், கிடங்குலயும் சொல்லிட்டேன், டெல்ஃபின் மூக்கு ஓகே பண்ணிடுச்சுன்னு" என்றான். ஆர்டன் ஒரு வாய் கேட்டாராம், போட்டி முடியாமல் யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டானாம்.

"நல்லாருக்கு" என்றேன்.

நல்லாருக்கு என்பது வாசனை இல்லை என்று அவன் இந்த முறை சொல்லவில்லை. அவ்வளவு நம்புகிறான். முதல் பொய் இரக்கத்தில் வந்தது. இது பயத்தில் வந்தது. எனக்கு வித்தியாசம் தெரியும்.

செப்டம்பர் 10, சனி

ஐம்பதுக்கு இருபத்தொன்று.

நடுவர்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். மூன்று தாள், மூன்று கையெழுத்து. மூன்றிலும் முதல் வரியிலேயே வெண்ணெய். ஒருவர், 'ஹாப்ஸ் தேர்வு அபாரம், ஆனால் வெண்ணெய் அதைப் புதைத்துவிட்டது. மூன்று நாள் பொறுத்திருந்தால் இது பரிசு பீர்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் வெறுமனே 'பாப்கார்ன்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். எண்களுக்குப் பெயரைச் சேர்த்து வாசித்தபோது அந்த இன்னொருவர் திரும்பிப் பார்த்து, "நம்ம ராய்ஸா இது?" என்றார். கேலியாக இல்லை. அதுதான் மோசம்.

ஆர்டன் தோளில் தட்டி, "விடப்பா, என்னோட முதல் ஈடு பூனை மூத்திரம் மாதிரி அடிச்சுது, அதையே நான் கல்யாணத்துல ஊத்தினேன்" என்றார். ராய்ஸ் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தான்.

காரில் ஏறி, சாவியைத் திருப்பாமல் மூன்று தாளையும் மறுபடி படித்தான்.

"உனக்கு அடிச்சுதா?"

"அடிச்சுது."

"எப்பலேர்ந்து?"

"பதினாறாம் தேதிலேர்ந்து."

"கடிதம் வந்த அன்னிக்கு."

"ஆமா."

அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கு நாக்குல தெரிஞ்சுது டெல். வழவழன்னு இருக்குன்னு சொன்னேன். வாசனையே இல்லாம நானே கண்டுபிடிச்சேன். நீதான் இல்லேன்ன. மால்ட்டுன்ன."

ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை நாளில் ஒருமுறை கூட யோசிக்கவில்லை! மூக்கு இல்லாமல் நாக்கை வைத்தே அவன் பிடித்துவிட்டிருந்தான். இருபத்து நான்கு வருட வேலை அவனை விட்டுப் போகவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதைப் பிடுங்கி எறிஞ்சவ நான். கிடங்குக்காரன் இல்ல, காய்ச்சல் இல்ல. நான்.

செப்டம்பர் 12

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றான். ஃபோர்க்லிஃப்டுக்குக் குறுக்கே வந்துவிட்ட ஆளிடம் சொல்வதுபோல.

செப்டம்பர் 15

மழை. இரண்டு மாதத்துக்கப்புறம் முதல் மழை. ஜன்னல் பக்கம் இருவரும் நின்றோம். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்லலாமா என்று நினைத்தேன். கேட்காதவனிடம் என்னத்தைச் சொல்வது?

செப்டம்பர் 22

கோழிக்கறி, முந்தாநாள் வைத்தது. நன்றாகத்தான் இருந்தது, மோந்து பார்த்துச் சொன்னேன். மூடியில் எழுதிய தேதியைப் படித்துவிட்டு, "இருக்கட்டும், எதுக்கு வம்பு" என்று குப்பையில் போட்டான். என் முன்னாலேயே போட்டான். கோபத்தில் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் ரொம்ப மென்மையாகச் செய்தான்.

செப்டம்பர் 25, ஞாயிறு

இன்று அவனாக உட்கார்ந்து பேசினான். குறித்து வைக்கிறேன், மறந்து வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது.

"எனக்குக் கோபம் இல்ல டெல். நீ எதுக்குச் சொன்னேன்னு எனக்கு நல்லாவே புரியுது. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் என்ன?"

"புரியறதுதான் பிரச்சனை. இனிமே நீ நல்லாருக்குன்னு சொன்னா, பீர் நல்லாருக்கா, இல்ல என் மூஞ்சி அன்னிக்கு நல்லால்லையான்னு எனக்குத் தெரியாது. எதை வெச்சுக் கண்டுபிடிப்பேன்?"

"இனிமே சொல்ல மாட்டேன். சத்தியமா, ராய்ஸ்."

"தெரியும்" என்றான். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் அங்கேயே விடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 16

மறுபடி காய்ச்சுகிறான். நல்லவேளை, விட்டுவிடுவானோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஆர்டன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"என்ன அடிக்குது ஆர்டன்?"

"ம்... ஹாப்ஸ்."

"என்ன மாதிரி ஹாப்ஸ்?"

"ஹாப்ஸ் மாதிரிதாம்பா. நல்ல ஹாப்ஸ்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆரஞ்சுத் தோல், மிளகு, அதற்கடியில் ஒரு துளி ரோஜா. இங்கிருந்தே தெரிகிறதே எனக்கு! வாயை மூடிக்கொண்டு உரித்தேன்.

அக்டோபர் 25

ஆர்டனுக்கு மோந்து பார்த்தது சரியாகப் படவில்லையாம். "என்னமோ வெண்ணெய் மாதிரி லேசா... தெரியல, என் மூக்கும் கிழடு" என்று இழுத்தார். ராய்ஸ் உடனே ஜாடியை வெதுவெதுப்பிலேயே விட்டுவிட்டான். இன்னும் நான்கு நாள் அப்படியே விடப்போகிறானாம். நான் நேற்றே கொட்டகைக்குள் போய் மூடியோரம் மோந்திருந்தேன், வெண்ணெய்தான். ஆர்டன் வரும் முன்னால் ராய்ஸிடம் சொல்லவும் சொன்னேன். "சரி, ஆர்டன் வரட்டும், பாப்போம்" என்றான்.

நவம்பர் 24, வியாழன், நன்றியறிதல் நாள்

இவெட்டின் வீட்டில் விருந்து. அவள் வான்கோழியை வெளியே எடுத்ததும் ஒவ்வொருவரும் மூச்சை இழுத்து "ஆஹா" என்றார்கள். ராய்ஸும் "ஆஹா" என்றான். ஜூன் மாதமாக இருந்திருந்தால் மேசைக்கடியில் என் காலை மிதித்து என்ன மாதிரி என்று கேட்டிருப்பான். கால் வருமா என்று காத்திருந்தேன், முட்டாள் மாதிரி.

நவம்பர் 27, ஞாயிறு

நான்காவது ஈடு இன்று திறந்தாயிற்று.

ஆர்டன் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை, சாலையில் பனி. ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை, பாட்டிலைத் திறந்து கோப்பையில் ஊற்றிவிட்டான். நான் மேசையின் மறுபக்கம் மின்கட்டணத் தாளை மடித்துக்கொண்டிருந்தேன். நுரை எழும்பியதும் வாசனை என்னிடம் வந்தது, நான் குனியவே வேண்டியிருக்கவில்லை.

அதுதான். இம்மியும் பிசகாமல் அதுதான். நகத்தால் கீறின கிரேப்ஃப்ரூட் தோல், பைன் பிசின், அடியில் ரொட்டிக் கடை. வெண்ணெய் இல்லை, புல் இல்லை, அட்டை இல்லை. சொல்லப்போனால் கிரேஞ்ச் ஹாலைவிட ஒரு படி மேல். கடைப் பாட்டில் எத்தனை வாரம் அலமாரியில் கிடந்ததோ. வாசனையே தெரியாத ஒரு மனிதன், தலைக்குள் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறான்.

"ராய்ஸ்" என்றேன். "வந்துடுச்சு ராய்ஸ். நீ நினைச்சது அப்படியே வந்துடுச்சு. கிரேப்ஃப்ரூட், பிசின், ரொட்டி. வேற ஒண்ணும் இல்ல. நான் உன் மூஞ்சியப் பாக்கவே இல்ல, தாளத்தான் பாத்துட்டிருந்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். நம்ப ஆசைப்பட்டான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண் என் முகத்தில் எதையோ தேடி, தேடி, கிடைக்காமல் கீழே இறங்கியது.

"தேங்க்ஸ் டெல்" என்றான்.

அலமாரியிலிருந்து ஒரு சாசரை எடுத்து, வாசனை போய்விடாமல் கோப்பையை மூடினான். பிறகு ஜன்னல் பக்கம் போய், பனியில் ஆர்டனின் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் எங்களுக்கு நடுவில் அந்தக் கோப்பை மூடியபடி இருந்தது. நான் மின்கட்டணத் தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். ஆர்டன் பூட்ஸில் பனியோடு உள்ளே வந்து, சாசரைத் தூக்கி, ஒரு முறை மோந்தார்.

"அடேயப்பா. அதேதாம்பா!"

ராய்ஸ் அவரைக் கட்டிக்கொண்டான். நானும் எழுந்துபோய் இன்னும் இரண்டு கோப்பை எடுத்து வந்தேன்.